உங்களுக்குத் தெரியுமா? சென்டிமீட்டர் ஜிபிஎஸ் சேதிகள்!

செல்போன் ஜிபிஎஸ் தெருவைக் காட்டும். சர்வேயர் கையில் இருக்கும் ஆர்டிகே (ரியல்-டைம் கைனமேட்டிக்) ரிசீவரோ உங்கள் சுண்டுவிரல் அகலத்தையே அளந்து சொல்லும்! ஆனால் சும்மா சொல்லாது. ஃபர்ம்வேரை அப்டேட் பண்ண வேண்டும், செட்டிங்ஸைச் சரியாகத் தட்ட வேண்டும். ஒரே ஒரு டிக் தப்பினால் போதும், சென்டிமீட்டர் மீட்டராகிவிடும்! அந்த ரிசீவர் பற்றிய சேதிகளைத் தேடித் தேடிப் பிடித்து வந்திருக்கிறோம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்!

கையளவு அதிசயம்

சுவிட்சர்லாந்தின் தால்வில் ஊர்க் கம்பெனி யு-பிளாக்ஸ். அதன் பிரபல ஆர்டிகே மாட்யூல் ஸெட்-எஃப்9பி. நீளம் 22 மி.மீ. அகலம் 17 மி.மீ. தடிமன் வெறும் 2.4 மி.மீ. துல்லியம்? 1 சென்டிமீட்டர்!

1980களின் கடைசியில் அமெரிக்க ராணுவ வீரர்கள் சுமந்த 'மேன்பேக்' ஜிபிஎஸ் ரிசீவரின் எடை 17 பவுண்டு. நம் கணக்கில் கிட்டத்தட்ட 8 கிலோ! விலை? ஒன்றுக்கு 45,000 டாலர்!

சிக்னல் கிளம்பும் இடம் தலைக்கு மேலே 20,200 கி.மீ. உயரத்தில். ரிசீவருக்கு வந்து சேர எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? சுமார் 67 மில்லி செகண்ட். கண் சிமிட்டி முடிப்பதற்குள் வந்துவிடும்!

வந்து சேரும்போது அதில் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கும்? ஒரு வாட்டை 100 கோடி பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் ஒரு கோடி பங்காக்குங்கள். கிடைப்பதில் ஒரு துளி, அவ்வளவுதான்! ரிசீவரின் சொந்த இரைச்சலே இதைவிடச் சத்தம்!

வீட்டு இன்டர்நெட் நொடிக்குப் பல கோடி பிட் வேகத்தில் பறக்கிறது. ஜிபிஎஸ் சாட்டிலைட் தன் பழைய நேவிகேஷன் செய்தியை எந்த வேகத்தில் அனுப்புகிறது? நொடிக்கு 50 பிட்! எல்லா சாட்டிலைட்டுகளின் விவரப் பட்டியலும் முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும்!

சாதாரண ஜிபிஎஸ் கோடில் ஒரு துண்டின் நீளம் 293 மீட்டர். ஆர்டிகே ரிசீவர் அதை நம்பி உட்காராது. கோடைச் சுமந்து வரும் ரேடியோ அலையையே எண்ணும். அந்த அலையின் நீளம் 19 சென்டிமீட்டர்தான். 1,540 மடங்கு நுணுக்கம்!

ஓரிடத்தில் நின்று திருத்தம் அனுப்பும் ரிசீவர் 'பேஸ்'. அதை வாங்கி அளக்கும் ரிசீவர் 'ரோவர்'. பேஸ் தூரமாகப் போனால் துல்லியம் என்ன ஆகும்? ஒரு கிலோமீட்டருக்கு 1 மி.மீ. கூடுதல் பிழை. 10 கி.மீ. தள்ளி நின்றாலும் கூடுவது 1 சென்டிமீட்டர்தான்!

1802இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு ஒரு பேஸ்லைன் அளந்தார். ஏழரை மைல் நீளம். எடுத்துக்கொண்ட நாள் 57! அதே தூரத்துக்கு எஃப்9பி ஆர்டிகே ஃபிக்ஸ், அதாவது சென்டிமீட்டர் துல்லிய நிலை, பிடிக்க நல்ல வானத்தில் 10 செகண்டே போதும்!

அப்டேட் அமர்க்களம்

இரண்டு எஃப்9பி வைத்திருந்தால் வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்றும் சொல்லும். காந்த காம்பஸே வேண்டாம்! 'மூவிங் பேஸ்' என்று பெயர். எச்பிஜி 1.12 ஃபர்ம்வேரில் வந்த வசதி இது. பழைய சிப்புக்கு அப்டேட் போட்டாலே கிடைத்துவிடும். செலவு 0 ரூபாய்!

அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டதா? கவலை வேண்டாம். எஃப்9பியில் 'சேஃப்பூட்' என்றே தனியாக ஒரு பின் இருக்கிறது. அதைக் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் கொடுங்கள். செத்துப்போனது என்று நினைத்த சிப் கண் திறக்கும்!

ஆனால் உஷார்! ஃபர்ம்வேர் மாற்றும்போது நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட செட்டிங்ஸ் எல்லாம் துடைத்துக்கொண்டு போகலாம். யு-பிளாக்ஸின் யு-சென்டர் மென்பொருளில் முதலிலேயே அதை டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்து பார்த்தால் உள்ளே வரி வரியாக '06 8பி' என்று ஹெக்ஸ் எண்கள்தான். மொத்த ரிசீவரின் புத்தியும் அந்த ஒரு ஃபைலில்!

பெல்ஜியத்தின் செப்டென்ட்ரியோ ரிசீவருக்கு மென்பொருளே வேண்டாம்! யுஎஸ்பி கேபிளைச் சொருகுங்கள். பிரவுசரில் 192.168.3.1 என்று தட்டுங்கள். ரிசீவரே ஒரு வெப்சைட்டாக விரியும். அப்டேட்டும் அங்கேயே முடிந்துவிடும்!

2010 ஜனவரி. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளை ஆட்டிவைக்கும் தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு அமெரிக்க விமானப்படை ஓர் அப்டேட் போட்டது. ராணுவத்தின் சொந்த ரிசீவர்களே கைவிரித்தன. எத்தனை? 10,000 வரை!

ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும். ஆனால் பழைய செய்தியில் அதற்கு ஒதுக்கியிருப்பது 10 பிட்தான். 1,024 வாரம் முடிந்ததும் மறுபடி பூஜ்யம்! சுமார் 19 வருஷம் 7 மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து நடக்கும்!

2019 ஏப்ரல் 6 இரவு அந்தப் பூஜ்யம் வந்தது. நியூயார்க் நகராட்சியின் சொந்த வயர்லெஸ் நெட்வொர்க் படுத்தேவிட்டது. டிராஃபிக் சிக்னல் கட்டுப்பாடும், போலீஸ் வண்டி நம்பர் பிளேட் கேமராவும் அந்த நெட்வொர்க்கை நம்பி இருந்தவை. எழுந்து நிற்கப் பத்து நாள் பிடித்தது!

2022 புத்தாண்டு அன்று பழைய ஹோண்டா கார்களில் ஜிபிஎஸ் பார்த்து ஓடும் கடிகாரங்கள் என்ன தேதி காட்டின தெரியுமா? 2002! இருபது வருஷம் இளமையாகிவிட்டன. ஆகஸ்ட் மாதம் வரை பல கார்கள் அந்த மயக்கத்திலேயே ஓடின!

லினக்ஸ் உலகில் ஜிபிஎஸ் தகவலைப் படிக்கும் 'ஜிபிஎஸ்டி' மென்பொருளில் ஒரே ஒரு கழித்தல் கணக்கு தப்பு. அப்டேட் போடாத கணினிகள் 2021 அக்டோபர் 24 அன்று 2002 மார்ச்சுக்குத் திரும்பக் காத்திருந்தன. சரிசெய்த பதிப்பு இரண்டு மாதம் முன்பே தயார். அப்டேட் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்!

சாட்டிலைட்டும் சொதப்பும்! 2016 ஜனவரியில் ஒரு கிழட்டு ஜிபிஎஸ் சாட்டிலைட்டை ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சந்தடியில் நேரத் தகவலில் ஒரு பிழை நுழைந்தது. அளவு வெறும் 13 மைக்ரோ செகண்ட். அதற்கே பிரிட்டனில் பிபிசியின் டிஜிட்டல் ரேடியோ தடுமாறியது!

செட்டிங்ஸ் சேட்டை

எஃப்9பிக்கு மூன்று நினைவுகள்! ரேமில் எழுதினால் ஆஃப் பண்ணியதும் போச்சு. பேட்டரி நினைவில் எழுதினால் பேக்கப் பேட்டரி உள்ளவரை இருக்கும். ஃபிளாஷில் எழுதினால் பேட்டரியே இல்லாமலும் பத்திரம். 'காலையில் போட்ட செட்டிங் மதியம் காணோம்' என்று புலம்புகிறவர்கள் டிக் அடித்தது ரேமில் மட்டும்!

ஒவ்வொரு செட்டிங்குக்கும் 32 பிட் நீளத்தில் ஓர் அடையாள எண். ஒரே கட்டளையில் எத்தனை செட்டிங்கை மாற்றலாம்? 64!

யு-பிளாக்ஸ் சிப்போடு பேசும் ஒவ்வொரு கட்டளையும் பி5, 62 என்ற இரண்டு ஹெக்ஸ் பைட்டுகளில்தான் தொடங்கும். அவற்றை எழுத்தாக மாற்றிப் பாருங்கள். 'மியூ', 'பி'! கம்பெனி தன் கையெழுத்தை ஒவ்வொரு செய்தியின் தலையிலும் போட்டுவிட்டது!

சென்டிமீட்டர் ரிசீவர் வாங்கிவிட்டீர்கள். ஆனால் ரிசீவர் தன் இடத்தைச் சொல்லும் வழக்கமான என்எம்இஏ வரியில் நிமிடத்துக்குப் பின் 5 தசம இடம்தான் வரும். கடைசி இலக்கத்தின் மதிப்பே 1.8 சென்டிமீட்டர்! 'ஹை பிரிசிஷன்' டிக்கை அடியுங்கள். 7 இடமாக நீளும். அடிக்காதவர்களின் துல்லியம் கேபிளிலேயே கரைந்துவிடும்!

என்எம்இஏ வரிகளில் ஒன்று ஜிஜிஏ. அதில் ஆறாவது கட்டத்தைப் பாருங்கள். 1 என்றால் சாதா ஜிபிஎஸ். 4 என்றால் ஆர்டிகே ஃபிக்ஸ், சென்டிமீட்டர் துல்லியம். 5 என்றால்? இன்னும் உசத்தி என்றுதானே நினைத்தீர்கள்! இல்லை, வெறும் ஃப்ளோட், ஃபிக்ஸுக்கு முந்தைய அரைகுறை நிலை. இந்தப் பரீட்சையில் 5ஐவிட 4தான் பெரிசு!

ஸ்பார்க்ஃபன் கம்பெனியின் எஃப்9பி போர்டில் ஆர்டிகே விளக்கு எரிந்தபடி இருந்தால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மினுக்கினால் ஃப்ளோட். சென்டிமீட்டர் ஃபிக்ஸ் கிடைத்ததும்? அணைந்துவிடும்! விளக்கு அணைந்தால் கொண்டாடும் ஒரே கூட்டம் சர்வேயர் கூட்டம்தான்!

ஹீலியம் பலூனில் ஜிபிஎஸ் கட்டிப் பறக்கவிடும் பொழுதுபோக்காளர்கள் உலகமெங்கும் உண்டு. யு-பிளாக்ஸை 'போர்ட்டபிள்' மோடிலேயே விட்டுவிட்டால் 12 கி.மீ. உயரத்தில் ரிசீவர் வாயை மூடிக்கொள்ளும்! 'ஏர்போர்ன்' என்று மாற்றினால் தொடர்ந்து பேசும். பலூன் திரும்பி வருவதும் தொலைவதும் ஒரே ஒரு செட்டிங்கில்!

அந்த மோடு பட்டியலில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள். நடப்பவர், கார், கப்பல், கைக்கடிகாரம், மோட்டார் பைக், இ-ஸ்கூட்டர். புல்வெட்டும் ரோபோவுக்கும் தனி மோடு!

பெட்டியிலிருந்து எடுத்ததும் எஃப்9பி நொடிக்கு ஒரு முறைதான் இடம் சொல்லும். மற்ற சாட்டிலைட் குடும்பங்களை அணைத்து ஜிபிஎஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டால் ஆர்டிகே வேகம் எவ்வளவு ஏறும்? நொடிக்கு 20!

பேஸ் தன் முகவரியை ரோவருக்குச் சொல்ல 1005 என்ற செய்தியை அனுப்பும். மொத்தமே 19 பைட். அதற்குள் மூன்று ஆயத்தொலைவுகள், ஒவ்வொன்றும் 38 பிட். நுணுக்கம்? மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு!

அவசரத்தில் பேஸை 2 மீட்டர் துல்லியத்தோடு 'சர்வே-இன்' (தன் இடத்தைத் தானே கணிப்பது) செய்து நிறுத்திவிட்டீர்களா? ரோவர் சென்டிமீட்டர் பிசகாமல் அளக்கும். ஃபிக்ஸும் ஜோராக வரும். ஆனால் அளந்த மொத்த மனையும் 2 மீட்டர் வரை நகர்ந்து பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்!

ஜிபிஎஸ் சாட்டிலைட் எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசும். ரஷ்யாவின் குளோனாஸ் அப்படி இல்லை, 0.5625 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு ஆளுக்கொரு வரிசை! அதனால் பேஸில் 1230 என்ற செய்தியையும் ஆன் பண்ண வேண்டும். மறந்தால் குளோனாஸ் மட்டும் ஃபிக்ஸ் ஆகாமல் அடம்பிடிக்கும்!

பேஸின் திருத்தங்களை இன்டர்நெட்டில் கொண்டுவரும் என்டிரிப் முறையை உருவாக்கியது ஜெர்மனியின் பிகேஜி நிறுவனம். எதைப் பார்த்துச் செய்தார்கள்? இன்டர்நெட் ரேடியோவை! பாட்டு ஓடிய அதே பாணியில் இப்போது ஆயத்தொலைவு ஓடுகிறது. போர்ட் எண் 2101!

இன்டர்நெட் திருத்தச் சேவைகளில் ஒன்றான விஆர்எஸ்ஸில் ரோவர் முதலில் தன் ஜிஜிஏ வரியை அனுப்பி 'நான் இங்கே நிற்கிறேன்' என்று சொல்ல வேண்டும். உடனே சர்வர் உங்கள் பக்கத்திலேயே ஒரு பேஸைக் கற்பனையாக உருவாக்கிவிடும்! கம்பம் இல்லை, ஆன்டெனா இல்லை, ஆள் இல்லை. திருத்தம் மட்டும் நிஜம்!

அடிவான சாட்டிலைட்டுகளை 10, 15 டிகிரிக்குக் கீழே வெட்டிவிடுங்கள் என்று ஏன் சொல்கிறார்கள்? உச்சியிலிருந்து வரும் சிக்னலைக் கீழ் வளிமண்டலம் 2.3 மீட்டர் தாமதப்படுத்தும். 5 டிகிரியிலிருந்து வந்தால்? 20 மீட்டருக்கும் மேல்!

எல்லா செட்டிங்கும் பக்கா. ஆனால் 2 மீட்டர் கம்பத்தை ஒரே ஒரு டிகிரி சாய்த்துப் பிடித்துவிட்டீர்கள். பிழை? 3.5 சென்டிமீட்டர்! லட்ச ரூபாய் ரிசீவரைவிடக் கம்பத்தில் இருக்கும் சின்னக் குமிழிக்கு மவுசு ஜாஸ்தி!

வானம், பூமி, இன்னும் சில

ஐன்ஸ்டீனை மதிக்காமல் ஜிபிஎஸ் ஓடாது! சாட்டிலைட் கடிகாரம் தினமும் 38 மைக்ரோ செகண்ட் முந்தும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. பிழை சேரும்!

இன்னும் கேளுங்கள். 1977இல் என்டிஎஸ்-2 சாட்டிலைட்டை ஏவியபோது இந்த முந்தலுக்கான திருத்தத்தை ஆஃப் பண்ணியே அனுப்பினார்கள். ஐன்ஸ்டீன் சொன்னது நிஜம்தானா என்று பார்க்கத்தான்! 20 நாள் கவனித்தார்கள். நிஜமேதான். பிறகே ஸ்விட்ச் போட்டார்கள்!

ரிசீவரில் ஐரோப்பாவின் சாட்டிலைட் குடும்பமான கலிலியோவை ஆன் பண்ணினால் குழந்தைகள் பெயர் கொண்ட சாட்டிலைட்டுகள் பேசத் தொடங்கும்! ஐரோப்பா முழுக்க ஓவியப் போட்டி நடத்தி, ஜெயித்த பிள்ளைகளின் பெயரையே வைத்துவிட்டார்கள். 2011இல் முதலில் போனது தைஸ், நடாலியா!

2014இல் கலிலியோவின் இரண்டு சாட்டிலைட்டுகள் தப்பான பாதையில் போய் விழுந்தன. வீணாகவில்லை! நீள்வட்டத்தில் ஏறி இறங்கிய அவற்றின் கடிகாரங்களை வைத்தே ஐன்ஸ்டீன் கணக்கை முன்பைவிட நுட்பமாகச் சோதித்துவிட்டார்கள். முடிவு வெளியான வருஷம் 2018!

இன்று காலை 10 மணிக்குத் தலைக்கு மேல் நின்ற ஜிபிஎஸ் சாட்டிலைட் நாளை எத்தனை மணிக்கு அதே இடத்துக்கு வரும்? 9 மணி 56 நிமிடத்துக்கு! தினமும் 4 நிமிடம் முந்தி வருகிறது!

2024 மே 10. சூரியப் புயல் அடித்தது. வானத்தில் வண்ண ஜாலம். அமெரிக்காவின் மிட்வெஸ்ட் மாநிலங்களிலோ நடவுப் பருவத்தின் நடுவில் ஆர்டிகே டிராக்டர்கள் வழி தவறின. 15 கோடி கி.மீ. தூரத்திலிருந்து வந்த தொல்லை!

திருநெல்வேலிப் பக்கம் சர்வே பண்ணுகிறவர்கள் கவனிக்க! பூமியின் காந்த நடுக்கோடு அந்த வட்டாரத்தை ஒட்டித்தான் போகிறது. பொழுது சாய்ந்ததும் மேலே அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். ஒவ்வொன்றின் உயரமும் நூற்றுக்கணக்கான கி.மீ.! பகலில் கிடைத்த ஃபிக்ஸ் ராத்திரி ஆட்டம் காண்பதற்கு இவையும் ஒரு காரணம்!

அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில் துல்லிய ஜிபிஎஸ் கருவி அடிக்கடி தடுமாறியது. கடைசியில் பிடிபட்டவர் ஒரு டிரக் டிரைவர்! முதலாளி கண்ணில் படாமல் இருக்க வண்டியில் ஜாமர் வைத்திருந்தார். அவருக்கு விதிக்க முன்மொழிந்த அபராதம் 31,875 டாலர்!

சென்னை மெரினாவில் நின்று ரிசீவரின் உயரத்தைப் பாருங்கள். 'எலிப்சாய்டு' செட்டிங்கில் இருந்தால் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும்! கருவி பழுதில்லை. கணித உருண்டைக்கும் நிஜக் கடல் மட்டத்துக்கும் நம் பக்கம் அவ்வளவு வித்தியாசம். இந்த வித்தியாசத்தில் உலகிலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே. ஆழம் 106 மீட்டர்!

ஆஸ்திரேலியா வருஷத்துக்கு 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது! 1994 ஆயத்தொலைவுகளை விட்டுவிட்டு 2020க்கு மாறியபோது நாடே காகிதத்தில் 1.8 மீட்டர் தள்ளி உட்கார்ந்தது. பேஸில் எந்த வருஷத்து எண்ணைப் போட்டீர்கள் என்று அங்கே கேட்டே ஆக வேண்டும்!

2011 மார்ச் 11. ஜப்பான் நிலநடுக்கம். ஓஷிகா தீபகற்பத்தில் இருந்த நிரந்தர ஜிபிஎஸ் நிலையம் அசையாமல் தூணில்தான் நின்றது. தூண் நின்ற தரைதான் கிளம்பிவிட்டது! எவ்வளவு தூரம்? 5.3 மீட்டர்!

எவரெஸ்ட் உச்சிக்கும் ரிசீவர் ஏறியிருக்கிறது! 2019 மே 22, அதிகாலை 3 மணி. நேபாள சர்வேயர்கள் இருட்டிலும் குளிரிலும் உச்சியில் நின்று ஜிஎன்எஸ்எஸ் அளவெடுத்தார்கள். அடுத்த மே மாதம் சீன அணியும் ஏறியது. இரு நாடும் 2020 டிசம்பரில் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்!

பேஸும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம் என்கிறீர்களா? கலிலியோவின் ஹெச்ஏஎஸ் சேவை 2023 ஜனவரி 24 முதல் திருத்தங்களை வானத்திலிருந்தே தூவுகிறது. இ6 அலைவரிசையைக் கேட்கும் ரிசீவர் இருந்தால் போதும். துல்லியம் சுமார் 20 சென்டிமீட்டர். சந்தா? இலவசம்!

வாரக் கணக்கு அடுத்து எப்போது பூஜ்யமாகும்? 2038 நவம்பர் 20 நள்ளிரவு. ஆனால் எல்2சி, எல்5 சிக்னல்களில் வரும் புதிய செய்தியில் வாரத்துக்கு 13 பிட் ஒதுக்கிவிட்டார்கள். அதைப் படிக்கும் ஃபர்ம்வேர் உங்கள் ரிசீவரில் இருந்தால் கவலையை ஒத்திப்போடலாம். எந்த வருஷம் வரை? 2137!